கோப்பி இலை நோயும் நமது கிழங்குப் பாத்தியும்

அட்டனுக்கு அப்பால், ஒரு தோட்டத்தின் லயங்களுக்குக் கீழேயுள்ள சரிவில், கால் ஏக்கர் அளவில் உருளைக்கிழங்கு நட்டிருந்த பெரியவர் ஒருவர் மழைக்காலத்தில் ஒரு நாட் காலை என்னை அழைத்துச் சென்று தமது பாத்திகளைக் காட்டினார். நான்கு நாட்களாக மூடுபனியும் தூறலும் விட்டபாடில்லை. இலைகளின் ஓரங்கள் வெந்நீர் பட்டவை போலக் கருகியிருந்தன. தண்டுகள் சில இடங்களிற் கறுத்து ஒடிந்திருந்தன. பாத்தியை நெருங்கும்போதே அழுகல் வாடை வீசியது.

"முந்தாநாள் வரைக்கும் பச்சைப்பசேலென்று இருந்ததுங்க ஐயா. நேற்றுத்தான் மருந்து வாங்கி வந்து, காலையிலும் மாலையிலுமாக இரண்டு தடவை அடித்தேன். கடைக்காரர் போலி மருந்தைத் தந்துவிட்டார் போலிருக்குதுங்க" என்றார் அவர். விதைக்கிழங்கு வாங்குவதற்காக வைத்த அவருடைய மனைவியின் தோடு அப்போதும் அடகுக் கடையிலேயே இருந்தது.

மருந்துப் பொதியை வாங்கிப் பார்த்தேன். அது போலியன்று. விசிறிய நாள்தான் பிழையானது. நோயானது அந்த இலைகளுக்குள் நுழைந்தது நேற்றுமன்று, முந்தாநாளுமன்று. பாத்தி பச்சைப்பசேலென்று இருந்த முந்திய வாரத்திலேயே அது நுழைந்துவிட்டது. பெரியவர் தமது கண்ணாற் கண்டது நோயின் வருகையை அன்று. அது செய்து முடித்த வேலையையே.

ஒரு நோய் எந்த நேரத்தில், எந்த வழியாக இலைக்குள் நுழைகிறது, நுழைந்தபின் எத்தனை நாள் மறைந்திருக்கிறது என்னும் கேள்விகளைப் பொறுமையோடு ஆராய்ந்து விடை கண்ட ஒருவர், இப்போது தேயிலை நிற்கும் இதே மலைகளில் 1880ஆம் ஆண்டு முதல் 1882ஆம் ஆண்டுவரை வேலை செய்தார். அவர் ஆராய்ந்தது உருளைக்கிழங்கை அன்று, கோப்பியை. ஆயினும் அவர் கண்டறிந்தவை இன்று காய்கறி பயிரிடும் கமக்காரருக்கும் நெல் விதைக்கும் கமக்காரருக்கும் பெரிதும் பயன்படக்கூடியவை.

கோப்பி நின்ற மலைகள்

தேயிலைக்கு முன்னர் இம்மலைகளில் நின்றது கோப்பி என்பதைப் பலரும் பாட்டன் பாட்டிமார் வாயிலாகக் கேள்விப்பட்டிருப்பர். 1870களின் இறுதியில் இலங்கையில் ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் கோப்பி நின்றது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம்மவரின் முன்னோரிற் பலர் காடும் மலையும் கடந்து இங்கு வந்ததும் முதலில் அந்தக் கோப்பியைப் பறிப்பதற்கேயாம்.

1869ஆம் ஆண்டில் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பார்க்லி என்னும் பங்கசு அறிஞருக்கு அனுப்பினார். அது முன்னர் அறியப்படாத ஒரு பங்கசு என்று கண்ட பார்க்லி அதற்கு ஹெமிலேயா வாஸ்டாற்றிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் பிற்பாதிக்குப் பாழாக்குவது என்பது பொருள். தோட்டத் துரைமார் பலர் அப்போது அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. மழை கூடிப்போயிற்று என்றனர் சிலர். மண் வலுவிழந்துவிட்டது என்றனர் வேறு சிலர். உலகச் சந்தையிற் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தமையால், பழைய மலைகளில் விளைச்சல் குறையக் குறையப் புதிய காடுகளை வெட்டி மேலும் கோப்பியையே நட்டனர். அதாவது, நோய்க்கு மேலும் மேலும் உணவு பரப்பினர்.

1870ஆம் ஆண்டளவிற் பத்து லட்சம் அந்தரை எட்டியிருந்த கோப்பி ஏற்றுமதி, 1890ஆம் ஆண்டளவில் அதன் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்றல் வங்கி 1884ஆம் ஆண்டில் முறிந்தது. துரைமார் பலர் தோட்டங்களைக் கைவிட்டுப் போயினர். தொழிலாளருட் பலர் மாதக்கணக்கான சம்பளப் பாக்கியைப் பெறாமலே ஊர் திரும்பினர். இலையின் அடியிலிருந்த ஒரு தூள் செய்த வேலை இது.

மார்ஷல் வார்டு செய்த சோதனைகள்

இந்நோயை ஆராய்வதற்காக அரசாங்கம் 1880ஆம் ஆண்டில் இரண்டு வருடத் தவணையில் ஒருவரை நியமித்தது. அவர் பெயர் ஹரி மார்ஷல் வார்டு. கேம்பிறிட்ஜ் பல்கலைக் கழகத்திற் படிப்பை முடித்துச் சிறிது காலமே ஆகியிருந்தது. வயது இருபத்தைந்தோ இருபத்தாறோ. நோய் தீவில் வேரூன்றி அப்போது பதினொரு வருடங்கள் கடந்திருந்தன. துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்தை. அவரோ முதலில் நுணுக்குக்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டார்.

செம்மஞ்சள் தூளானது பங்கசின் வித்திகளேயாம். நெல்லுக்கு நெல்மணி எவ்வாறோ, பங்கசுக்கு வித்தி அவ்வாறு. வேறுபாடு என்னவெனில், ஒரேயொரு புள்ளியில் ஒன்றரை லட்சம் வித்திகள் அளவில் உண்டாகலாம். ஒரே இலையிற் பல புள்ளிகள் இருக்கும். ஒரு செடியில் எத்தனை இலைகள் என்பதைக் கோப்பி பார்த்தவர் அறிவர்.

வார்டு இவ்வித்திகளை எடுத்து, நலமான இலைகளின் கீழ்ப்புறத்தில் நீர்த்துளியோடு வைத்தார். நீர் காயாதிருந்தால், ஒரு நாளுக்குள் வித்தியிலிருந்து மெல்லிய குழாய் போன்ற ஒரு முளை வெளிப்பட்டு இலையின் மேல் ஊர்ந்து சென்றது. இலை மூச்சு விடுவதற்கென்று அதன் கீழ்ப்புறத்தில் நுண்ணிய துளைகள் உண்டு; அவற்றை இலைவாய் என்கிறோம். முளையானது ஓர் இலைவாயைக் கண்டதும் அதன் வழியே உள்ளே இறங்கியது. உள்ளே சென்றபின் அது இழைகளாகக் கிளைத்து, இலையின் கலங்களுக்கிடையே பரவி, உறிஞ்சு முனைகளைக் கலங்களுட் செலுத்தி, செடி தனக்கென்று ஆக்கிய உணவைத் தான் உண்டது. இடையில் நீர்த்துளி காய்ந்துவிட்டால் முளையும் காய்ந்து மாண்டது.

அடுத்து நடந்ததுதான் நமது பெரியவரின் பாத்தியோடு தொடர்புடையது. முளை உள்ளே நுழைந்த பின்னர், ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு இலையில் எந்த வேறுபாடும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் பின்னரே வெளிறிய மஞ்சட் புள்ளி தோன்றியது. அப்புள்ளியின் அடியில் மீண்டும் செம்மஞ்சள் தூள் உண்டானது. வித்தி வைக்காத இலைகள், அதே செடியில், அதே மழையில் நலமாகவே இருந்தன. ஆகவே நோய்க்கு மழையோ மண்ணோ மட்டும் காரணமன்று. வித்தி வந்து விழுதல் வேண்டும், அது விழுந்த இடம் சிலமணி நேரம் ஈரமாயிருத்தல் வேண்டும்.

வித்திகள் எவ்வாறு வந்து விழுகின்றன என்பதையும் அவர் விடவில்லை. கண்ணாடித் தகடுகளிற் கிளிசரீன் பூசித் தோட்டங்களிற் காற்று வீசுமிடங்களில் தொங்கவிட்டார். பின்னர் அவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது ஒட்டியிருந்த வித்திகளைக் கண்டார். காற்று மலையிலிருந்து மலைக்கு அவற்றைச் சுமந்து செல்கிறது என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேறென்ன வேண்டும்? பல இலட்சம் ரூபா பெறுமதியான ஒரு கேள்விக்கு ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு துளி கிளிசரீனும் விடையளித்ததை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

துரைமாருக்கு அவர் கூறிய விடை இனிக்கவில்லை. உள்ளே நுழைந்துவிட்ட பங்கசை இலைக்குத் தீங்கின்றிக் கொல்லும் மருந்து இல்லை என்றார். வித்தி முளைப்பதற்கு முன்னர், அல்லது முளைத்து இலைவாயைத் தேடி ஊரும் அச்சிறு நேரத்தில், கந்தகமோ சுண்ணாம்போ அதன்மேற் படிந்திருந்தாலே பயனுண்டு என்றார். ஒரே பயிரை இடைவெளியின்றி மலை முழுவதும் நட்டது நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பதையும், காற்றைத் தடுக்கும் மர வரிசைகள் வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார். மருந்தை எதிர்பார்த்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதாகவே எண்ணினர். 1882ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து திரும்பினார்.

இதில் ஒரு துயரமான பொருத்தம் உண்டு. அதே 1882ஆம் ஆண்டின் இறுதியில், பிரான்சு தேசத்தின் போடோ நகரை அடுத்த பகுதியில், மில்லார்டே என்னும் பேராசிரியர் திராட்சைத் தோட்டங்களினூடே நடந்து சென்றார். வழிப்போக்கர் பழத்தைத் திருடாதிருப்பதற்காகத் தெருவோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலநிறக் கலவையைத் தெளித்து வைத்திருந்தனர். உட்புறக் கொடிகளெல்லாம் வெளிறல் நோயால் இலையுதிர்ந்து நிற்க, தெளிக்கப்பட்ட தெருவோரக் கொடிகள் மட்டும் பச்சையாய் நின்றன. அவர் அதை ஆராய்ந்து 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். போடோக் கலவை பிறந்த வரலாறு இதுவே. கோப்பி இலை நோயையும் செப்பு மருந்துகள் தடுக்கும் என்பது பின்னர் பல நாடுகளிற் கண்டறியப்பட்டது. நமது மலைகளிற் கோப்பி அதற்குள் முடிந்துவிட்டது.

செப்பு மருந்து இம்மலைகளிற் பெரிதும் பயன்பட்டது மற்றொரு நோய்க்கு. 1946ஆம் ஆண்டில் தேயிலைக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது கோப்பியின் கதி தேயிலைக்கும் நேருமோ என்று அஞ்சினர். நேரவில்லை. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார், செப்பு மருந்தைக் கொழுந்து நனையுமுன் விசிறும் முறையை வகுத்தனர். பின்னர் நாள்தோறும் எத்தனை மணி நேரம் வெயில் எறிக்கிறது என்பதை அளந்து, போதிய வெயிலுள்ள நாட்களில் விசிறலைத் தவிர்க்கலாம் என்றும் கண்டனர். தோட்டத்தில் வேலை செய்வோர் இவ்விசிறலைத் தம் கண்ணாற் கண்டவர்களே. கொழுந்துக்குச் செய்வதைத் தமது கிழங்குப் பாத்திக்குச் செய்ய மறந்துவிடுகின்றனர்.

மீனின் மேல் வளரும் பஞ்சு

இங்கிலாந்து திரும்பிய வார்டு 1883ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, பார்வைக்குக் கமத்தொழிலோடு தொடர்பற்றது போலத் தோன்றும். நீரில் வாழும் சப்ரொலெக்னியா என்னும் பூசண வகையைப் பற்றியது அது. அக்காலத்தில் அந்நாட்டு ஆறுகளிற் சமன் மீன்கள் உடலெங்கும் வெண்பஞ்சு படர்ந்து பெருந்தொகையாக மடிந்தன. அப்பஞ்சு இந்தப் பூசணமே.

நுவரெலியாவில் இருப்போர் இதை வேறிடத்திற் சென்று காண வேண்டியதில்லை. 1880களில் இங்குள்ள ஓடைகளில் விடுவதற்காகத் திறவுற்று மீனின் முட்டைகள் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப்பட்டன. மீன் முட்டைகளைப் பொரிக்க வைப்போர் அன்று தொட்டு இன்றுவரை நாள்தோறும் செய்யும் ஒரு வேலை, செத்து வெண்மையான முட்டைகளைப் பொறுக்கி அகற்றுவதாகும். ஒரு செத்த முட்டையை விட்டுவைத்தால் அதில் வெண்பஞ்சு முளைத்து, அடுத்துள்ள உயிர் முட்டைகளையும் பற்றிக்கொள்ளும். மீனிலும் அவ்வாறே, காயம் பட்ட, செதில் உரிந்த இடத்திலேயே அது பெரும்பாலும் பிடிக்கும்.

இப்பூசணத்தின் வித்திகள் காற்றிற் பறப்பவையல்ல. அவை நுண்ணிய வால்போன்ற இழைகளை அடித்துக்கொண்டு நீரில் நீந்துபவை. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் கருக்கும் பின்வெளிறல் நோயின் நோயுயிர் இதற்குப் பங்காளி முறையானது. 1845ஆம் ஆண்டு முதலாக அயர்லாந்திற் கிழங்குப் பயிரை அழித்து, பத்து லட்சம் மக்கள் மாள்வதற்குக் காரணமான அதே நோயுயிர்தான் இது. அதனுடைய வித்திகளும் நீந்துகின்றன என்பதை ஜெர்மனியரான டி பாரி 1861ஆம் ஆண்டில் காட்டினார். மேற்சொன்ன திராட்சை நோயும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவையெல்லாம் உண்மையான பங்கசுகள் அல்ல, கடற்பாசிகளுக்கு நெருங்கிய வேறொரு குலத்தவை என்று இக்கால அறிஞர் வகுத்துள்ளனர். பெயர் எதுவாயினும் நமக்கென்ன என்று கமக்காரர் கேட்கலாம். அதில் ஒரு காசுப் பெறுமதி உண்டு: பூசணிக் கொடியின் சாம்பல் நோய்க்கு நன்கு வேலை செய்யும் கந்தகம் உருளைக்கிழங்கின் வெளிறல் நோயைத் தடுக்காது. அண்டை வீட்டார் கத்தரிக்கு அடித்து மிஞ்சிய மருந்து நமது கிழங்குக்கும் ஆகும் என்று எண்ணுதல் பணத்தை மண்ணிற் போடுவதாகும்.

பாத்தியில் நடப்பது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. குளிர்ந்த, ஈரமான இவ்விரவுகள் வெளிறல் நோய்க்கு மிகவும் உகந்தவை. காற்றில் வந்து இலையில் விழும் ஒரு வித்திப்பை, குளிர்ந்த நீர்த்துளியிற் கிடந்தால், தன்னுள்ளிருந்து பல நீந்தும் வித்திகளை வெளிவிடுகிறது. அவை சிலமணி நேரத்தில் முளைத்து இலையைத் துளைத்து உள்ளே சென்றுவிடுகின்றன. மாலையிற் பனி இறங்கிக் காலை வெயில் ஏறுமட்டும் இலை ஈரமாயிருந்தால், அந்த ஓர் இரவே போதும். அதன்பின் ஏறத்தாழ நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை எதுவும் தெரியாது. பின்னர் இலையின் நுனியிலோ ஓரத்திலோ நீர் கோத்தது போன்ற கரும்பச்சைத் திட்டுத் தோன்றும். கோப்பிக்கு இரண்டு வாரம். கிழங்குக்கு ஒரு வாரத்துக்கும் குறைவு. பெரியவர் முந்தாநாட் கண்ட பச்சை அந்த மறைந்திருக்கும் நாட்களின் பச்சையாகும்.

என்னுடைய பிழையொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். போதனாசிரியராக வேலைக்கு வந்த முதல் வருடத்தில், ஒரு கமக்காரர் தமது கிழங்கிற் கருகிய இலை இரண்டு இருப்பதாகக் கூறி அழைத்தார். நான் சென்றபோது நண்பகல், நல்ல வெயில். இலையை மேலிருந்து பார்த்து, உரம் கூடியதால் ஓரம் கருகியிருக்கலாம், சில நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றேன். இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மழை பெய்தது. பத்து நாட்களில் அப்பாத்தியிற் தண்டுகளே எஞ்சின. விவசாயப் பாடசாலையில் நோயின் பெயரையும் வரலாற்றையும் ஒப்புவித்துப் பட்டயம் பெற்ற எனக்கு, காலைப்பனி காயுமுன் சென்று இலையின் அடியைப் பார்க்க வேண்டும் என்பதை அக்கமக்காரரின் நட்டம் கற்றுத் தந்தது. காலையில், திட்டின் விளிம்பைச் சுற்றி, இலையின் கீழ்ப்புறத்தில் மெல்லிய வெண்பூசணம் தெரியும். நண்பகலில் அது மறைந்துவிடும்.

ஆகவே, விசிறலுக்குரிய நாளை இலையைப் பார்த்தன்று, வானத்தைப் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். பல நாள் மூடுபனியும் தூறலும் வரும் அறிகுறி கண்டவுடனே, இலை காய்ந்திருக்கும் வேளையில், தடுப்பு மருந்தை விசிறிவிட வேண்டும். இலையின் மேற்புறத்தை மட்டும் நனைத்தால் போதாது. விசிறியின் முனையைக் கீழிருந்து மேலாகத் திருப்பி அடிப்புறமும் நனையச் செய்தல் வேண்டும். விசிறியபின் விடும் புதிய இலைகளில் மருந்து கிடையாது. கன மழை பழைய இலைகளிலுள்ளதையும் கழுவிவிடும். ஆகவே மழைத் தொடரில் மீண்டும் விசிற நேரிடும். மாறாக, வெயில் தொடர்ந்து எறிக்கும் வாரங்களிற் பழக்கத்துக்காக விசிறுதல் வீண் செலவு. நுவரெலியாப் பக்கத்திற் சில பாத்திகளில் மழையோ வெயிலோ பாராது கிழமைக்குக் கிழமை அடிப்பதைக் கண்டிருக்கிறேன். அதனாற் கடன் கூடுகிறதே தவிர விளைச்சல் கூடுவதில்லை.

போடோக் கலவையை வீட்டிலேயே செய்யலாம். 10 லீற்றர் நீருக்கு 100 கிராம் மயில்துத்தமும் 100 கிராம் நல்ல சுட்ட சுண்ணாம்பும் போதும். மயில்துத்தத்தை 5 லீற்றர் நீரிற் பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ கரைத்தல் வேண்டும்; இரும்பு வாளியும் தகரமும் ஆகா. சுண்ணாம்பை வேறொரு பாத்திரத்திற் சிறிது சிறிதாக நீர்விட்டு நீற்றி, ஆறியபின் 5 லீற்றராக்கி வடிகட்டிக்கொள்ள வேண்டும். பின்னர் மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரிற் கலக்கிக்கொண்டே ஊற்றுதல் வேண்டும். தீட்டிய கத்தியொன்றைக் கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, அலகிற் செம்பு நிறம் ஏறியிருந்தால் மேலும் சிறிது சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். இல்லாவிடில் இலை கருகும். கலந்த அன்றே விசிறி முடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு அது உதவாது. கடையில் வாங்கும் மருந்தாயின், இப்போது எம்மருந்துக்கு அனுமதியுண்டு என்பதை உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து, பொதியிலுள்ள அளவையும் அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களையும் அப்படியே பின்பற்றுக. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு பலன் என்பது உண்மையன்று.

மருந்தைவிட முன்னே வருவன சில உள. சென்ற போகத்தில் தவறி மண்ணிற் கிடந்து தானாக முளைக்கும் கிழங்கும், வேலியோரத்திற் கொட்டப்பட்ட அழுகற் கிழங்குமே அடுத்த போகத்தின் நோய்க்கு முதல் விதை. மீன் முட்டை பொறுக்குவோர் செய்வதுபோல அவற்றைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்தல் வேண்டும். விதைக்கிழங்கை நம்பகமான இடத்திலேயே வாங்குக. மண்ணைச் செடியின் அடியில் நன்கு அணைத்து உயர்த்தினால், மழைநீரோடு இலையிலிருந்து இறங்கும் வித்திகள் கிழங்கை அடைவது குறையும். இலை முற்றாகக் கருகிய பாத்தியிற் கிழங்கை உடனே கிண்டாது, தண்டுகளை வெட்டி அகற்றி, ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துக் காய்ந்த நாளிற் கிண்டினால் கிடங்கில் அழுகல் குறையும். நமது பெரியவருக்கும் இதையே கூறினேன். போட்ட விதையின் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிழங்கு தேறியது. தோடு மீளவில்லை, ஆனால் அடுத்த போகத்துக்கு மீண்டும் கடன் படாமல் நட முடிந்தது.

நெல்லிலும் போஞ்சியிலும்

வலப்பனை, அங்குராங்கெத்தை, கொத்மலைப் பள்ளத்தாக்குகளில் நெல் விதைப்போர் எரிபந்த நோயை அறிவர். இலையிற் கண் வடிவான, நடுவில் சாம்பல் நிறமான புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தைப் பிடித்தாற் கதிர் வெண்பதராகும். இதன் வித்தியும் இரவுப் பனியிலேயே முளைக்கிறது. ஆனால் இது இலைவாயைத் தேடிச் செல்வதில்லை. முளையின் நுனி ஒரு சிறு குமிழாகப் பருத்து இலையில் ஒட்டிக்கொண்டு, மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ளதைப் போல் முப்பது மடங்கிற்கும் மேலான அமுக்கத்தைத் தன்னுள் உண்டாக்கி, இலையின் சுவரையே குத்தித் துளைக்கிறது. யூரியாவை ஒரே தடவையில் அள்ளி இறைத்த வயலில் இலை கொழுத்து மென்மையாகி அதற்கு இடங்கொடுக்கும். உரத்தைப் பிரித்து இடுதலும், நோய் தாங்கும் இனத்தை விதைத்தலும், வயலை வரளவிடாமையும் மருந்தைக் காட்டிலும் பெரிய காவல்.

போஞ்சித் துருநோயோ கோப்பி இலை நோயின் நேர் உறவு. இலையை விரலாற் தடவினாற் செங்கபிலத் தூள் ஒட்டும். இலைவாய் வழியாகவே நுழைகிறது.

வார்டு தமது வாழ்நாளின் இறுதி வருடங்களிற் கேம்பிறிட்ஜில் பேராசிரியராயிருந்து, புரோமசு எனப்படும் மேய்ச்சற் புல்வகைகளிற் காணும் துருநோயை ஆராய்ந்தார். ஒரு புல்லினத்தில் வளர்ந்த துருவின் வித்தியை எடுத்து மற்றோர் இனத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றேபோலிருந்த துரு, தனக்கு நெருங்கிய புற்களைப் பிடித்தது. அடுத்துநின்ற வேறு தொகுதிப் புற்களைத் தீண்டவில்லை. இடைப்பட்ட சில புற்கள் நோய்க்குப் பாலமாய் அமையலாம் என்றும் அவர் கருதினார். பின்வந்தோர் இதை ஐயுற்றனர். முதற் செய்தி நிலைத்து நின்றது. லீக்ஸ் இலையிற் துருவைக் கண்டு அடுத்த பாத்தியிலுள்ள கோவாவுக்கும் மருந்தடிக்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கின் அருகே தக்காளி நின்றாலோ அஞ்சவே வேண்டும்; வெளிறல் நோய் அவ்விரண்டுக்கும் பொது.

நுழைவதெல்லாம் பகையுமன்று. அவரையினச் செடிகளின் வேரிலுள்ள சிறு முடிச்சுக்கள் மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிர் வேர்மயிர் வழியே நுழைவதால் உண்டாகின்றன என்பதை 1887ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர்களுள் வார்டும் ஒருவர். அதைப் பங்கசு என்று அவர் எண்ணியது பிழை. அது பற்றீரியா என்று மறு வருடமே வேறொருவர் நிறுவினார். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அதுவே. மாட்டுக்கு வளர்க்கும் புல்லோடு குளோவரைக் கலந்து விதைப்பதும், போஞ்சி பறித்து முடிந்தபின் வேரைப் பிடுங்கி எறியாது மண்ணிலேயே விட வேண்டும் என்று கூறுவதும் இதனாலேயே.

செப்பு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கூறாது விடுதல் கூடாது. அது மீனுக்குக் கொடிய நஞ்சு. விசிறியை ஓடையிற் கழுவுதலும் மிஞ்சிய கலவையைக் கானில் ஊற்றுதலும் கீழே குடிநீர் எடுப்போருக்கும், ஓடையிலுள்ள உயிர்களுக்கும் செய்யும் தீங்காகும். கழுவிய நீரைப் பாத்தியின் ஓரத்திலேயே ஊற்றிவிடுக.

ஐயமான இலையைக் கண்டால், சோதனையொன்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கருகத் தொடங்கிய இலை இரண்டைப் பறித்து, நனைத்துப் பிழிந்த கடதாசியின் மேல் கீழ்ப்புறம் மேலே தெரியும்படி வைத்து, ஒரு பிஸ்கற்றுப் பெட்டியில் மூடி இரவு முழுவதும் குளிர்ந்த இடத்தில் விட்டுவிடுக. காலையில் திட்டின் விளிம்பில் வெண்பூசணம் பூத்திருந்தால் அது வெளிறல் நோய். எம்மிடம் காட்டுவதற்கு இலை கொண்டுவருவோர் பொலித்தீன் பையில் இட்டுக் கட்டாது, பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றிக் கொண்டுவருக. பையினுள் வியர்த்து அழுகிய இலையிலிருந்து எவராலும் எதையும் கூற முடியாது. முடியுமாயின் காலை எட்டு மணிக்குள் எம்மையே பாத்திக்கு அழையுங்கள்.